தைத்த முழங்கால்களும் என் பொறாமையும்

தலைமையேற்றிருக்கும் மருத்துவமனை முதல்வர் அவர்களே, மேடையிலிருக்கும் சக மருத்துவர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் பெரிய டாக்டரின் துணைவியார், எங்கள் அண்ணி அவர்களே, அவரால் எழுந்து நடந்தவர்களே, அனைவருக்கும் என் வணக்கம்.

எங்கள் எலும்பு சிகிச்சைப் பிரிவின் தலைவர், நீங்கள் எல்லோரும் பெரிய டாக்டர் என்று அழைத்தவர், மறைந்துவிட்டார். இருபத்திரண்டு ஆண்டுகள் அவருக்கு அடுத்த அறையில் இருந்தவன் நான். இருபத்திரண்டு ஆண்டுகளும் அவர்மேல் பொறாமைப்பட்டவன். அதை மறைத்துவிட்டு அவரைப் புகழ்ந்தால், அந்தப் புகழ் பொய்யாகிவிடும்.

முழங்காலுக்குள் இரண்டு எலும்புகளுக்கு நடுவே மெத்தைபோல் குருத்தெலும்பு இருக்கிறது. ஜவ்வு என்பீர்கள். அது கிழிந்தால், கிழிந்த பகுதியை வெட்டியெடுக்கலாம். சில நாளில் நடந்துவிடலாம். ஆனால் பின்னாளில் மூட்டு தேயக்கூடும். அல்லது தைக்கலாம். மாதக்கணக்கில் பொறுத்திருக்க வேண்டும். தையல் ஒட்டாமலும் போகலாம். நான் வெட்டுகிறவன். அவர் தைக்கிறவர். என்னிடம் வந்தவர்கள் சீக்கிரம் நடந்தார்கள், நன்றி சொன்னார்கள், மறந்தார்கள். அவரிடம் போனவர்கள் ஆறு வாரம் ஊன்றுகோலில் தள்ளாடினார்கள். ஐந்தில் ஒருவருக்குத் தையல் விட்டும் போனது. அப்படியும் வரிசை நின்றது யார் வாசலில்? அவர் வாசலில்! தையல் விட்டவர்கள்கூட அவரையே தேடி வந்தார்கள். எனக்கு வயிறு எரியாதா?

ஒருநாள் கைப்பந்து ஆடும்போது என் மகளுக்கு ஜவ்வு கிழிந்தது. அப்போது அவளுக்குப் பத்தொன்பது வயது. ஸ்கேன் படத்தை நான் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அப்பா, நீங்க வெட்டிடுவீங்க. பெரிய டாக்டர் தைச்சாவது பாப்பார். நான் அவர்கிட்டயே போறேன்" என்றாள்.

பெற்ற மகளே அப்படிச் சொன்னாள். அவர் தைத்தார். ஐந்தாம் மாதம், மாடிப்படி இறங்கும்போது அவள் முழங்கால் நிமிராமல் பூட்டிக்கொண்டது. தையல் விட்டிருந்தது. அவள் வலியில் சுவரைப் பிடித்து நிற்கிறாள். என் மனதில் முதலில் வந்தது என்ன தெரியுமா? 'தோற்றானா!' என்ற சந்தோஷம். ஒரு கணம்தான். அந்த ஒரு கணத்துக்காக இன்றும் என்னால் அவள் முகத்தை நேராகப் பார்க்க முடியவில்லை.

அன்று மாலையே அவர் என் வீட்டுக்கு வந்தார். உட்காரக்கூட இல்லை. என்னிடம் அல்ல, அவளிடம் பேசினார்.

"நான் தைச்சது முழுசா நிக்கலம்மா. கிழிசல் ரத்த ஓட்டம் இல்லாத இடம் வரைக்கும் போயிருந்துச்சு, அங்க தையல் ஒட்டுறது கஷ்டம். தெரிஞ்சும் ஆசைப்பட்டுட்டேன், கணிப்பு என்னோட தப்பு. இனி விட்டுப்போன துண்டை எடுக்கணும். அதுல உங்கப்பா என்னைவிடக் கெட்டிக்காரர்."

நான் வெட்டினேன். அவர் எனக்கு உதவியாளராக எதிரே நின்றார். அவர் தைத்ததில் பாதி நன்றாக ஒட்டியிருந்ததை, மூட்டுக்குள் விட்ட கேமராவின் திரையில் பார்த்தேன். அந்தப் பாதியை நான் தொடவில்லை. எங்கள் பிரிவின் அந்த மாதக் கூட்டத்தில், இளம் மருத்துவர்கள் முன்னால், தானே எழுந்து தன் தோல்வியை விளக்கினார். நான் ஒருமுறையாவது அப்படி எழுந்து நின்றிருக்கிறேனா? நான் வெட்டிய முழங்கால்கள் பத்தாண்டு கழித்து என்னவாயின என்று ஒருவரையாவது கேட்டிருக்கிறேனா? இல்லை.

என் மகள் இன்று நன்றாக நடக்கிறாள், கைப்பந்து ஆடுவதில்லை. இந்த அரங்கில்தான் இருக்கிறாள். நான் இப்போது சொன்னதை முதல்முறையாகக் கேட்கிறாள்.

பெரிய டாக்டர் அவர்களே, திங்கட்கிழமை முதல் நான் வெட்டிய ஒவ்வொருவரையும் கூப்பிட்டு விசாரிப்பேன். தைக்க முடிந்ததைத் தைப்பேன். தோற்றால் நானே எழுந்து சொல்வேன். அன்று என் குரல் நடுங்கும். உங்கள் குரல் ஒருநாளும் நடுங்கியதில்லை. அதற்கும் சேர்த்தே பொறாமைப்படுகிறேன்.