மங்கலாகவே விட்ட திரை

டாக்டரம்மா, உங்கள் அறை நாற்காலி முதுகுக்கு இதமாக இருக்கிறது. வெளியே இருக்கும் பெஞ்சில் உட்கார்ந்து எழுந்தால் இடுப்பு பிடித்துக்கொள்கிறது.

மகளின் கண்ணில் எந்தக் கோளாறும் இல்லையே, பிறகு ஏன் இப்படி என்று கேட்டீர்கள். என்னை மட்டும் கூப்பிட்டுக் கேட்டது நல்லதாயிற்று.

அவள் அப்பாவுக்கு நடுவயதிலேயே பார்வை போய்விட்டது. பரம்பரையாக வருவது, பிள்ளைக்கும் வரலாம் என்றார்கள். அதிலிருந்து அவள் கண்ணைக் கசக்கினாலே எனக்குப் பகீரென்னும். அவரும் காலமான பிறகு வீட்டில் நாங்கள் இரண்டே பேர்.

அவளுக்கு வீட்டிலிருந்தே மொழிபெயர்ப்பு வேலை. அலுவலகம் கொடுத்த லேப்டாப்பில் லினக்ஸ் என்று ஏதோ ஓடும். கல்யாணம் நிச்சயமாகி, மாப்பிள்ளையோடு வெளியூர் போக இருந்தாள். அந்தச் சமயத்தில்தான் ஒரு காலை, "அம்மா, எழுத்தெல்லாம் ஈரத்துணி போத்தின மாதிரி தெரியுதும்மா. அப்பாவுக்கும் இப்படித்தானே ஆரம்பிச்சது?" என்று தரையில் உட்கார்ந்துவிட்டாள். போனில் பார்த்தாள். பயந்தவளுக்கு அதுவும் மங்கலாகவே பட்டது. அழுதுகொண்டே உங்களிடம் ஓடிவந்தாள்.

அவள் இல்லாத நேரத்தில், இன்டர்நெட் பெட்டியைப் பார்க்க மாடிவீட்டு கம்ப்யூட்டர் மெக்கானிக் வந்தார். போகிற போக்கில் லேப்டாப்பைப் பார்த்தவர் நின்றுவிட்டார்.

"அக்கா இதுலயா வேலை பாக்குறாங்க? அப்டேட் ஓடி ரெசல்யூஷன், அதான் திரையோட தெளிவு, குறைஞ்சுபோச்சும்மா. நல்ல கண்ணுகூட அவிஞ்சிடும்."

திரையில் ஒரு கறுப்புக் கட்டத்தைத் திறந்து ஏதோ ஒரு வரி தட்டினார். எழுத்துகள் கழுவித் துடைத்தாற்போல் பளிச்சென்று நின்றன.

"இது இப்படியே இருக்குமா தம்பி?"

"அணைச்சுப் போட்டா பழையபடி மங்கிடும். இந்த வரியை உள்ள சேமிச்சு வெச்சாத்தான் நிலைக்கும். செஞ்சு தரட்டா?"

"வேண்டாம்ப்பா. அவளே பாத்துக்குவா."

அவர் போனதும் லேப்டாப்பை அணைத்தேன். நான் செய்தது அவ்வளவுதான். புதிதாக எதையும் கெடுக்கவில்லை. இருந்ததை இருந்தபடி விட்டேன்.

கல்யாணம் கொஞ்சம் தள்ளிப்போனால் போதும் என்றுதான் நினைத்தேன். அதற்குள் மனதைத் தேற்றிக்கொண்டு நானே சொல்லிவிடலாம் என்று இருந்தேன். கண்ணில் குறையில்லை என்று நீங்கள் சொன்னதை அவள் நம்பவில்லை. "அப்பாகிட்டயும் முதல்ல இப்படித்தாம்மா சொன்னாங்க" என்றாள்.

ஒருநாள் காபி எடுத்துக்கொண்டு போனபோது, மாப்பிள்ளையிடம் போனில் பேசிக்கொண்டிருந்தாள். "என்னைக் கைப்பிடிச்சு இழுத்துக்கிட்டே திரியணும்னு உங்களுக்கு என்ன தலையெழுத்து? வேற பொண்ணைப் பாருங்க."

உண்மை வாய்வரை வந்தது, டாக்டரம்மா. சொல்லியிருந்தால் சிரித்திருப்பாள். சிரித்துக்கொண்டே பெட்டி கட்டியிருப்பாள். காபியை மேசையில் வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

மாப்பிள்ளை வீட்டில் வேறு இடம் முடிவான பிறகு மெக்கானிக்கைக் கூப்பிட்டு அந்த வரியைச் சேமிக்கச் சொன்னேன். இப்போது திரை கண்ணாடிபோல இருக்கிறது. "ஒரே ஒரு தடவை பாரேன்டி" என்று கெஞ்சினேன். "மூடி வைம்மா. எதுக்கு ஆசை காட்டுறே?" என்று சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். வேலையையும் விட்டுவிட்டாள். பார்வை போவதற்குள் பழகிக்கொள்ள வேண்டுமாம், கண்ணை இறுக மூடிக்கொண்டு வீட்டுக்குள் தடவித் தடவி நடக்கிறாள். கதவில் இடித்துக்கொண்டால், "பரவால்லம்மா, அப்பாவும் இடிச்சுக்குவாரே" என்று என்னைத் தேற்றுகிறாள்.

இதை அவளிடம் சொல்லிவிடாதீர்கள். தாங்கமாட்டாள்; ரொம்ப இளகின மனசு. அவளுக்கு இனி என்னை விட்டால் யார் இருக்கிறார்கள்? சோறு பிசைந்து கையில் தருகிறேன், தலை வாரிவிடுகிறேன். ஒரு குறை வைக்கவில்லை.

நான் புறப்படட்டுமா? நேரமாகிறது. பாவம், வெளியே பெஞ்சில் காத்திருக்கிறாள். என் கை இல்லாமல் அவளால் படியிறங்க முடியாது.