மொட்டை மாடி இஸ்திரிப் பலகை

ராபியா: மச்சான்... மொட்ட மாடில போர்வ போத்திப் படுக்க வெச்சிகிறீங்களே, யாரு அது?

ஜலால்: ஆளு இல்ல புள்ள. இஸ்திரி போடுற பலக.

ராபியா: இம்மா நீளத்துக்கா? யாரு துணி, யானை துணியா?

ஜலால்: கத்தாத. கீழ ஷஃபானா கீறா.

ராபியா: உங்க தங்கச்சிக்குத் தெரிஞ்சா இன்னா? போர்வய எடுங்க... அய்ய, இன்னா நாத்தம்! மீன் பொட்டி தெர்மாகோலா? அதான் தெருப் பூனை மொத்தமும் நம்ம படியில குந்திகினு கீது!

ஜலால்: சரி, சொல்லிட்றேன். சர்ஃப் போர்டு. அலை மேல நின்னுகினே வருவாங்கல்ல, அது. ஒரு பிரெஞ்சுக்காரன் நம்ம செருப்புக் கடைக்கு வந்தான். அவன் செருப்பு போட்டுப் பாக்கறப்ப, வாசல்ல சாத்தி வெச்ச போர்ட நூல் வெச்சி அளந்துட்டேன்.

ராபியா: செருப்பு வித்துதா?

ஜலால்: வித்துது... அவசரத்துல ரெண்டும் இடது காலாக் குடுத்துட்டேன்.

ராபியா: அப்ப போன வாரம் இங்க கொழகொழன்னு ஒண்ணு கெடந்துச்சே...

ஜலால்: அதான் மொதல் போர்டு. ஃபைபர் படகுக்குப் பூசுற ரெசின வாங்கியாந்து ஊத்தினேன். தெர்மாகோல் அப்டியே கரைஞ்சி போச்சி... மழைல நனைஞ்ச அப்பளம் மாதிரி.

ராபியா: பூனை வாந்தின்னு நெனச்சி நான் கழுவி வுட்டேன்!

ஜலால்: ரெண்டாவதுக்கு உஷாராயிட்டேன்ல? மொதல்ல பழைய பேப்பர ஃபெவிகால் தடவி ஒட்னேன். நல்லா காயவுட்டு, அதுக்கு மேலதான் ரெசின்.

ராபியா: இங்க இன்னாவோ எழுத்து தெரியுதே... 'அழகான, அடக்கமான மணமகள் தேவை'...

ஜலால்: அது... வெளம்பரப் பக்கம் மேல வந்துட்ச்சி.

ராபியா: அலை மேல நின்னுகினு பொண்ணு தேடுறீங்களா? அடியில இது இன்னா, சுறா துடுப்பு மாதிரி... மச்சான்! இது என் காய் நறுக்குற பலக!

ஜலால்: பாதிதான் அறுத்தேன். மீதி பாதில கத்திரிக்கா நறுக்கலாம்.

ராபியா: உங்கள! சரி, எப்ப எறக்கப் போறீங்க கடல்ல?

ஜலால்: ஞாயித்துக்கெழம. மாபலிபுரம் பஸ் ஸ்டாண்டு கடைக்காரங்க எல்லாம் வராங்க. ஸ்டுடியோ பக்தவத்சலம் கேமராவுல புது ரோல் போட்டுகினு வராரு. வாய வுட்டுட்டேன்.

ராபியா: நல்லதுதான? அதுக்கு ஏன் மூஞ்சி இப்டி போவுது?

ஜலால்: முட்டி லேசா... வலி. கடலும் முரட்டா கீது. இன்னொரு வாரம் போவட்டுமேன்னு...

ராபியா: ஏறிப் பாத்தீங்களா, இல்லியா?

ஜலால்: பாக்காம? ரெண்டு தபா! ரயிலு மாதிரி போச்சி.

ராபியா: நேராவா?

ஜலால்: நூல் புடிச்ச மாதிரி!

ராபியா: அது எப்டி நேரா போவும்? துடுப்ப கோணையா ஒட்டிகிறீங்க, இடது பக்கமா இல்ல இழுக்குது? எந்திரிக்கறப்ப காலக் கொஞ்சம் பின்னாடி வெக்கணும். இல்லன்னா பலக மூக்கு தண்ணில குத்திட்து...

ஜலால்: இரு, இரு புள்ள.

ராபியா: இன்னா?

ஜலால்: உனக்கு எப்டி தெரியும்?

ராபியா: மொதல்ல நீங்க நெசத்த சொல்லுங்க.

ஜலால்: நான் கூடுவாஞ்சேரிக்காரன், புள்ள, கடலே இல்லாத ஊரு. முட்டிக்கு மேல தண்ணி வந்தா எனக்குக் கண்ணு இருட்டிடும். இந்தப் பலகய மாடிப்படி கூட நான் எறக்கல... போதுமா? இப்ப நீ சொல்லு.

ராபியா: நான் கோவளத்துக்காரி மச்சான், கடல்லயே வளந்தவ. போர்வக்குள்ள இன்னா கீதுன்னு தெரிஞ்சிதான் கேட்டேன். விடிகாலைல சுபுஹு தொழுதுட்டு நானும் ஷஃபானாவும் வாக்கிங் போறோமே... வாக்கிங் போனவ தலை ஏன் ஈரமா கீதுன்னு ஒரு நாளாச்சும் கேட்டீங்களா?