தரங்கம்பாடியைப் பிறப்பிடமாகக் கொண்ட குழந்தை

என் பெயர் யேசுரட்ணம் இமெல்டா. வயது நாற்பத்தாறு. இலங்கை மன்னார் பேசாலையைப் பிறப்பிடமாகவும் நோர்வே ஒஸ்லோ ரொம்சோஸை வதிவிடமாகவும் கொண்டவள். அருங்காட்சியகம் ஒன்றின் களஞ்சிய அறைகளைத் துப்புரவு செய்கிறேன். 2006 நவம்பரில் நடந்ததைப் பொலிசாரிடம் மொழிபெயர்ப்பாளர் முன் தமிழில் கூறுகிறேன்.

பதினெட்டாம் நூற்றாண்டில் நோர்வேயையும் சேர்த்து ஆண்ட டென்மார்க் அரசன் அனுப்பிய கப்பல்களில் போன இயற்கை ஆய்வாளர்கள் கொண்டுவந்த மீன், நண்டு, பாம்பு எல்லாம் அங்கே சாராயம் நிரப்பிய போத்தல்களில் இருக்கின்றன. கண்காட்சிக்காக அவற்றைத் தெரிவு செய்துகொண்டிருந்த நரேஷ் என்னும் தமிழ்நாட்டு ஆய்வாளர் ஒரு போத்தலை மேசையில் வைத்திருந்தார். உள்ளே ஒரு பெண் குழந்தை. பிறந்து ஓரிரு நாள்கூட இராது. கை இரண்டும் பொத்தியபடி இருந்தது.

"தரங்கம்பாடில எடுத்தது அக்கா. அப்பல்லாம் இதையும் ஸ்பெசிமன்னுதான் எடுத்துட்டு வந்திருக்காங்க" என்றார்.

"ஸ்பெசிமனோ? பிள்ளையடா தம்பி!" என்று கத்தினேன். பள்ளிப் பிள்ளைகள் பார்ப்பதற்காக நண்டுக்கும் மீனுக்கும் நடுவே வைக்கப்போகிறார்கள் என்றார்.

மறுநாள் வேலை முடிந்ததும் போத்தலிலிருந்து குழந்தையை எடுத்துக் கழுவி, புதுத் துவாயில் சுற்றி, சாப்பாட்டுப் பைக்குள் வைத்து, ரயிலில் மடியில் வைத்தபடி கொண்டுபோய் ஓரிடத்தில் புதைத்தேன். உயிரில்லாத பிள்ளைக்கு ஞானஸ்நானம் கொடுக்க முடியாது என்பதால் செபம் மட்டும் சொல்லி மூன்று பிடி மண் போட்டேன். போத்தலைக் கழுவித் துடைத்து அதன் இடத்திலேயே வைத்தேன்.

அத்தோடு விட்டிருந்தால் நான் இங்கே இருந்திருக்க மாட்டேன். ஆனால் எங்கள் ஆட்களில் ஒருவர் செத்தால் வானொலியில் மரண அறிவித்தல் கொடுக்காமல் விடுவதில்லை. அதனால் தமிழ் வானொலிக்குத் தொலைபேசி எடுத்து, தரங்கம்பாடியைப் பிறப்பிடமாகவும் ஒஸ்லோவை வதிவிடமாகவும் கொண்ட பெண் குழந்தை அடக்கம் செய்யப்பட்டது என்று கொடுத்தேன். "ஆர் அறிவிக்கினம் எண்டு போட?" என்று அறிவிப்பாளர் குகதாசன் கேட்டார்.

"அம்மா எண்டு போடுங்கோ" என்றேன்.

வானொலியில் அதைக் கேட்ட நரேஷ் ஓடிப்போய்ப் போத்தலைப் பார்த்திருக்கிறார். களஞ்சிய அறையின் சாவி, அந்தத் திறப்பு, அவர் பொறுப்பில் இருந்ததால் பழி அவர்மேல்தான் விழும். அவர் பொலிசுக்குச் சொன்னதில் எனக்குக் கோபமில்லை. அவருக்கு இதில் பங்கும் இல்லை.

புதைத்த இடத்தைச் சொன்னால் அருங்காட்சியகம் வழக்கை விட்டுவிடும், வேலையும் தப்பும் என்கிறார்கள். சொன்னால் தோண்டி எடுத்துத் திரும்பவும் போத்தலுக்குள் போடுவார்கள். சொல்ல மாட்டேன். அந்தக் குழந்தைக்கு நான் என்ன முறை என்று கடைசியாகக் கேட்டார்கள். அறிவித்தலில் உள்ளபடியே எழுதிக்கொள்ளுங்கள்.

இவ்வளவும் எனக்கு வாசித்துக் காட்டப்பட்டது. இடத்தைத் தவிர நான் எதையும் மறைக்கவில்லை, சொன்னதெல்லாம் உண்மை.

(ஒப்பம்) யே. இமெல்டா