ரெண்டாவது புள்ளி

இல்லைங்க மிஸ், உட்கார நேரமில்ல. நின்னுக்கிட்டே சொல்லிட்டுப் போயிடறேன். நாளையிலேர்ந்து என் தங்கச்சி டியூஷனுக்கு வரமாட்டா.

சரி, உட்கார்றேன். தண்ணியெல்லாம் வேணாம்.

ஒண்ணாங்கிளாஸ்லேர்ந்து அவளுக்குக் கணக்கு சொல்லிக்குடுத்தது நான்தான். வாய்ப்பாடெல்லாம் என் மடியில உட்கார்ந்து படிச்சவ. இங்க வர ஆரம்பிச்சு மூணு மாசம் ஆகல, வாயைத் திறந்தா மிஸ் அப்படிச் சொன்னாங்க, மிஸ் இப்படிச் சொன்னாங்க. பென்சில் சீவறதுகூட மிஸ் சீவற மாதிரி சீவணுமாம். முந்தாநாள் தலையை உங்களை மாதிரியே வழிச்சு வாரிக்கிட்டு வந்து நிக்கறா. கண்ணாடி ஒண்ணுதான் பாக்கி. சிரிக்காதீங்க மிஸ்.

இந்த நோட்டைப் பாருங்க. ரெண்டு புள்ளி குடுத்து, நேர்கோட்டோட சமன்பாடு கேட்டிருக்கு. ரெண்டு, மூணு ஒரு புள்ளி. ஆறு, பதினொண்ணு இன்னொண்ணு. சாய்வுக்கு, மேல பதினொண்ணுலேர்ந்து மூணைக் கழிச்சாச்சு, எட்டு. அப்போ கீழ ஆறுலேர்ந்துதானே ரெண்டைக் கழிக்கணும்? தலைகீழா, ரெண்டுலேர்ந்து ஆறைக் கழிச்சிருக்கு. சாய்வு மைனஸ் ரெண்டாம்! மேல ஏற வேண்டிய கோடு சறுக்கிக்கிட்டுக் கீழ போகுது. இதுல சரிபார்த்து டிக் வேற.

ஆமா, முதல் புள்ளியைப் போட்டா சரியாத்தான் வரும். அதை வெச்சுத்தானே சமன்பாடே எழுதினது. ரெண்டாவதைப் போட்டுப் பார்த்திருக்கணும். பதினொண்ணு வர வேண்டிய இடத்துல மைனஸ் அஞ்சு வருது. மூணு மாசத்துல இதைத்தான் கத்துக்கிட்டாளான்னு உங்களைக் கேக்கணும்னு, படியேறி வர்றப்பவே ஒத்திகை பார்த்துட்டு வந்தேன்.

கீழ பென்சில்லயா? ம், அது அவ எழுத்துதான். ரெண்டாவது புள்ளியைப் போட்டுப் பார்த்திருக்கா. சாய்வை ரெண்டுன்னு மாத்தி, ஒய் ஈக்வல் டு டூ எக்ஸ் மைனஸ் ஒன்னு சரியாவே முடிச்சிருக்கா. எறும்பு மாதிரி எழுத்துல. யார் கண்ணுலயும் படக்கூடாதுன்னுதான்.

தெரியும் மிஸ், பேனாவுல இருக்கறது உங்க கையெழுத்து இல்ல. என்னுது. போன வாரம் நானாத்தான் நோட்டைப் பிடுங்கி, இதுக்கெல்லாம் மிஸ் எதுக்குடி, இங்க பாருன்னு போட்டுக் காட்டினேன். புரிஞ்சுது அக்கான்னு நல்லாத் தலையாட்டினா. இன்னிக்கு மத்தியானம்தான் இந்தப் பென்சிலைப் பார்த்தேன். வயிறு எரிஞ்சுது. தூக்கிட்டு வந்துட்டேன்.

நாளைக்கு எப்பவும்போல அஞ்சு மணிக்கு வந்துடுவா மிஸ். நோட்டைக் குடுங்க, அவ வீட்டுக்கு வர்றதுக்குள்ள அவ பையில வெச்சிடறேன்.