கூடி உட்காராத ஒன்பது வாரம்

ராத்திரி இரண்டே முக்கால் மணி. யாரம்பின் என்ற ஊருக்குப் போகும் ஒற்றைத் தார்ச்சாலை. இரண்டு பக்கமும் கோதுமை வயல். அடுத்த வீடு பதினெட்டு கிலோமீட்டர் தள்ளி. யூகலிப்டஸ் மரத்தில் மோதி நசுங்கிய கார்... உள்ளே ஒரு ஆள்.

கார்லி, சாவியைக் கீழே வை. எல்லாருக்கும்தான் தூக்கம் வருகிறது. இன்றைக்குப் பார்த்ததைக் கூடி உட்கார்ந்து பேசாமல் இந்தத் தீயணைப்பு வண்டிக் கொட்டகையை விட்டு யாரும் போகக்கூடாது என்று நான் கத்துவது வீம்புக்கு அல்ல. என் கூட்டாளி கிரெக் இருக்கிறானே, அவன் தங்கை புருஷன் மரேவுக்கு நடந்தது இது.

அந்த ஊர்த் தீயணைப்புக் குழுவிலும் நம்மைப் போலச் சம்பளமில்லாத ஆட்கள்தான். அன்றைக்குப் போனது நான்கு பேர். கேப்டன் டெஸ், மரே, ட்ரிஷ், நெவில். காருக்குள் சிக்கிக்கொண்டவனின் வலது கையை ஜன்னல் வழியாக மரே பிடித்துக்கொண்டான்.

"விட்றாதீங்க..."

"எங்கயும் போமாட்டேன்."

பெட்ரோல் நெடி மூக்கில் ஏறியது. உடைந்த காரின் இண்டிகேட்டர் விளக்கு மட்டும் நிற்காமல்... டிக்... டிக்... டிக்...

"மரே! தண்ணிக் குழாய இழுத்துட்டு வாடா!" டெஸ் கத்தினான்.

மரே கையை விட்டான். குழாயோடு திரும்பி ஓடி வந்தவனைப் பாதி வழியிலேயே, வண்டியிலிருந்து இறங்கி வந்த டெஸ் தடுத்தான். "முடிஞ்சுது. விடு."

அங்கேயும் நம் வழக்கம்தான். கொட்டகைக்குத் திரும்பியதும், வண்டியில் உட்கார்ந்த வரிசையிலேயே நாற்காலி போட்டு, அவரவர் எங்கே நின்றோம், என்ன பார்த்தோம் என்று சொல்ல வேண்டும். அதற்குப் பிறகு வெளியே மூச்சு விடக்கூடாது. மதுக்கடையில் கூடாது, பெண்டாட்டியிடமும் கூடாது. டெஸ் என்ன செய்தான் தெரியுமா? நாற்காலியே போடவில்லை. மூச்சு விடக்கூடாது என்பதை மட்டும் வைத்துக்கொண்டான். ஆளுக்கொரு பீரைக் கையில் திணித்தான்.

"குடிச்சிட்டுப் போய்ப் படுங்க. ஒப்பாரி வெச்சா செத்தவன் எழுந்தா வரப்போறான்?"

மூன்றாம் நாள் ஆரம்பித்தது. படுக்கையறை இருட்டில்... டிக்... டிக்... கடிகாரமே இல்லாத அறை. பெட்ரோல் நெடி. பிறகு மரேயின் உள்ளங்கைக்குள் ஈரமாக, சில்லென்று, ஒரு கை. இறுக்கிப் பிடிக்கும்... சட்டென்று விட்டுவிடும். மனைவி எழுந்து விளக்கைப் போட்டால் ஒன்றும் இருக்காது.

டெஸ்ஸிடம் போனான். "ஒரு தரம் எல்லாரும் உக்காரலாம் டெஸ்."

"அறுவடை முடியட்டும்டா."

மறுபடி போனான். "என்னடா, பச்சப் புள்ளையா நீ?"

மூன்றாம் தரம் டெஸ் முகத்தைக்கூடத் திருப்பவில்லை. கூடி உட்கார்வது மொத்தமே நாற்பது நிமிஷ வேலை! மரே பதினோரு கிலோ இளைத்தான். ராத்திரிகளில் அந்தச் சாலைக்கே போக ஆரம்பித்தான். ஒரு நாள் காரை அதே மரத்துக்கு நேராக நிறுத்தி, எஞ்சினை அணைக்காமல் உறுமவிட்டுக்கொண்டு இருந்தான். அந்தப் பக்கமாக வந்த ட்ரிஷ்தான் சாவியைப் பிடுங்கினாள்.

மறுநாளே கொட்டகைக் கதவைச் சாத்தி, அதன்மேல் சாய்ந்து நின்றாள். "நாற்காலியப் போடு டெஸ். இல்லன்னா நாளைலேர்ந்து நான் வரல."

போட்டார்கள். நெவில் இருநூறு மீட்டர் தள்ளி, வருகிற வண்டிகளை நிறுத்துவதற்காக நின்றானாம். டெஸ் ரேடியோவில் ஆம்புலன்ஸை விரட்டிக்கொண்டிருந்தானாம். மரேயின் முறை வந்தது. உடைந்துபோனான். "கைய விட்டுட்டேன்... தனியா செத்துட்டான்."

"தனியாவா? அடப்பாவி, நான் உள்ளதான இருந்தேன்!" என்றாள் ட்ரிஷ். "அந்தப் பக்கக் கதவு வழியா ஏறி அவன் இடது கையப் புடிச்சிட்டிருந்தேன். கடைசி மூச்சு வரைக்கும்."

ஒன்பது வாரம்! இந்த ஒரு வார்த்தைக்காக!

மரே முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதான். இப்போது ட்ரிஷ்ஷின் முகம்தான் மாறியது.

"இரு... நீ எப்ப கைய விட்ட?"

"டெஸ் கூப்பிட்டப்பவே."

"அப்ப அது நீ இல்லியா? நான் ஏறுனதுலேர்ந்து ஜன்னல் வழியா ஒருத்தர் அவன் வலது கையப் புடிச்சிட்டே இருந்தாங்களே..."

நெவில் சாலையில். டெஸ் வண்டியில். மரே குழாயோடு. ஜன்னலில்... யார்?

"மூஞ்சி பாத்தியா?" நெவில் கேட்டான்.

"இல்ல. கைதான் தெரிஞ்சுது. கருப்புக் கம்பளிக் கோட்டு... சுண்டு விரல் இல்ல."

கருப்புக் கம்பளிக் கோட்டு! குழுவில் அதை உடுத்துவதை விட்டே முப்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது.

டெஸ் அதுவரை தரையையே பார்த்துக்கொண்டிருந்தான். அவன் நாற்காலி கிறீச்சிட்டது.

"கிளைவ்," என்றான். "நம்ம குழுவுல இருந்தவன், சுண்டு விரல் இல்லாதவன். எண்பத்தாறுல, ஆட்டுப் பண்ணைத் தீயில போனான். அன்னைக்கும் நாங்க உக்காந்து பேசல... அந்தக் கைய விட்டவன் நான்தான்."