தோட்டத்தில் அசைவு

எங்கள் வீட்டிலும் செம்பருத்தி இருக்கிறது. அதை முதலில் சொல்லிவிடுகிறேன், பூவுக்கு வக்கில்லாதவன் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. வாசலுக்கு இரண்டு பக்கமும் நன்றாகப் பூக்கிறது. ஆனால் நான் அதைப் பறிப்பதில்லை. செடியில் பூ இருந்தால்தான் வீட்டுக்கு லட்சணம்.

சாமிக்கு வேண்டிய பூவைப் பக்கத்து வீட்டில் பறித்துக்கொள்வேன். எங்கள் திருமுல்லைவாயிலில் விடியற்காலை நடக்கப் போகிறவர்களில் பாதிப் பேர் பையில் ஒரு பிளாஸ்டிக் கவர் மடித்து வைத்திருப்பார்கள். அது எதற்கென்று எல்லாருக்கும் தெரியும். யாரும் அதைத் திருட்டு என்று சொல்வதில்லை. பக்கத்து வீட்டு எத்திராஜ் தோட்டத்தில் அடுக்குச் செம்பருத்தி, நந்தியாவட்டை, பவளமல்லி மூன்றும் உண்டு. அடுத்தவர் பூவில் பூஜை செய்தால் புண்ணியத்தில் பாதி செடிக்காரருக்குப் போகும் என்பார்கள். அந்த வகையில் எத்திராஜுக்கு நான் நிறையவே சேர்த்துக் கொடுத்திருக்கிறேன். ஒருநாளும் சொல்லிக் காட்டியதில்லை.

கேட்டால் கொடுக்க மாட்டாரா என்று நீங்கள் கேட்கலாம். கூடை நிறையக் கொடுப்பார். அதுதான் சிக்கல். நான் ஆவடியில் பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலையில், தரப் பரிசோதனைப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவன். என் கையெழுத்து இல்லாமல் ஒரு போல்ட் வெளியே போகாது. அப்படிப்பட்டவன் காலங்காத்தால் ஒருவர் வாசலில் நின்று நாலு பூ கொடுங்கள் என்று கையேந்துவது அழகில்லை. என் மனைவி ஜெகதாம்பாளும் பூ ஏது என்று ஒருநாளும் கேட்டதில்லை. நல்ல குடும்பங்களில் சில கேள்விகள் கேட்கப்படுவதில்லை.

எத்திராஜ் இந்த ஊரிலேயே பிறந்தவர். எங்கள் தெரு மொத்தமும் ஒரு காலத்தில் அவர் அப்பாவின் நெல் வயல். என் மனையும் அவர்களிடம் வாங்கியதுதான். அவரும் மனைவி அன்னம்மாளும் தனியாக இருந்தார்கள். ஒரே பிள்ளை ராகேஷ் சிட்னியில் வேலை பார்க்கிறான். போன வருஷம் விடுமுறைக்கு வந்தவனிடம், யாரோ பூவைப் பறித்துக்கொண்டு போகிறார்கள் என்று அன்னம்மாள் பேச்சுவாக்கில் சொல்லியிருக்கிறார். இன்றைக்குப் பூ, நாளைக்கு நகை என்று பிள்ளை பயந்துவிட்டான். உடனே வீட்டுக்கு அலாரம் வாங்கிப் பொருத்தினான். தோட்டத்தில் ஒரு சென்சார், கதவில் ஒரு சென்சார். எது அசைந்தாலும் அவனுக்கு மெயில் போகும். எத்திராஜுக்கு மெயில் எல்லாம் தெரியாது. அதனால் அக்கம்பக்கத்தில் நம்பகமான ஆள் என்று என் முகவரியையும் சேர்த்து, பாஸ்வேர்டையும் என்னிடமே கொடுத்துவிட்டுப் போனான். எனக்கு நெகிழ்ச்சியாக இருந்தது.

அவன் சிட்னி போய்ச் சேர்ந்த மறுநாள் காலை நான் நந்தியாவட்டைக் கிளையை வளைத்துக்கொண்டு நிற்கும்போது, என் சட்டைப் பையில் செல்போன் டிங் என்றது. எடுத்துப் பார்த்தேன். 'தோட்டத்தில் அசைவு' என்று மெயில். அடுத்த நிமிஷமே சிட்னியிலிருந்து ராகேஷ் கூப்பிட்டான். அங்கே அப்போது அலுவலக நேரம்.

"அங்கிள், அலர்ட் வந்திருக்கு. கொஞ்சம் போய்ப் பாக்கிறீங்களா?"

"தோட்டத்திலதான்பா நிக்கிறேன். என்னைத் தவிர இங்க ஒருத்தரும் இல்லை" என்றேன். அதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். அவ்வளவு வேகமாகப் போய்ப் பார்த்ததற்கு அவன் நன்றி சொன்னான்.

காரணம் எழுதாமல் எந்தப் புகாரையும் மூடக் கூடாது என்பது எங்கள் பிரிவில் விதி. அந்தப் பழக்கம் விடவில்லை. அன்றைக்கு, சென்சார் கண்ணாடி மேல் பல்லி ஓடியது என்று எழுதி அனுப்பினேன். பிறகு பூனை. பிறகு பனி. பிறகு பேட்டரி பலவீனம் என்றேன். நானே ஸ்டூல் போட்டு ஏறிப் புது பேட்டரி மாற்றினேன், அதற்குக் கைமாறு எதுவும் எதிர்பார்க்கவில்லை. ஒருமுறை தோட்டத்து சென்சாரை அணைத்தே பார்த்தேன். இணைப்பு துண்டிக்கப்பட்டது என்று அந்தச் சனியன் அதற்கும் ஒரு மெயில் அனுப்பிவிட்டது. ராகேஷ் பதறிப்போய் அப்பாவை எழுப்பினான்.

எத்திராஜ் மதிலோரம் வந்து அலுத்துக்கொண்டார். "இன்னா சார் இது, பல்லி ஓட்னா கூட எம்புள்ள போன் அடிக்கிறான். நிம்மதியா ஒரு காப்பி குடிக்க வுட மாட்றான்."

"தொழில்நுட்பக் கோளாறு. நான் பார்த்துக்கிறேன்" என்றேன்.

எவ்வளவு அனுபவசாலிக்கும் ஒரு கட்டத்தில் காரணங்கள் தீர்ந்துபோகும். தினமும் அதே நேரத்தில் எப்படி அங்கிள் பல்லி வரும் என்று ராகேஷ் கேட்டான். நியாயமான கேள்வி. அதனால் ஹெல்மெட் போட்ட ஒருத்தன் மதில் பக்கம் போனதுபோல் தெரிந்தது என்று எழுதினேன். நல்ல உயரம், கறுப்புச் சட்டை என்றும் சேர்த்தேன். வெறுமனே ஒருத்தன் என்று எழுதினால் அறிக்கை முழுமையாகாது. எழுதி முடித்தபோது அவன் என் கண்ணுக்கே தெரிந்தான்.

அதன் பிறகு எத்திராஜ் கட்டிலுக்குப் பக்கத்தில் கடப்பாரை வைத்துக்கொண்டு படுக்க ஆரம்பித்தார். அன்னம்மாள் கோயிலுக்குப் போவதை நிறுத்தினார். ரத்த அழுத்தம் ஏறிவிட்டது என்றார்கள். பாவம், எனக்குப் பார்க்கவே பொறுக்கவில்லை. அந்த நாட்களில் பூவைச் சீக்கிரமே பறித்துக்கொண்டு, அவர்கள் தூக்கம் கெடாமல் திரும்பிவிடுவேன்.

ஒரு மத்தியானம் அன்னம்மாள் எங்கள் வீட்டுக்கு வந்தார். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"அண்ணே, ஊட்ட வித்துட்டு சிட்னிக்கே வந்துடுங்கன்றான் எம்புள்ள. இந்த மண்ண வுட்டுப் போனா அவரு மூச்சே நின்னுபூடும்ணே. நீங்க சொன்னாத்தான் அவன் கேப்பான். பயப்பட ஒண்ணுமில்லன்னு ஒரே ஒரு வார்த்த சொல்லுங்க" என்று அழுதார்.

எனக்கும் கண் கலங்கிவிட்டது. சொல்கிறேன் என்று வாக்குக் கொடுத்தேன். சொல்ல வேண்டும் என்றுதான் இருந்தேன்.

சாயங்காலம் ராகேஷ் கூப்பிட்டான். "உங்க வார்த்தைதான் அங்கிள் எனக்கு முக்கியம். அங்க பயமில்லைன்னு நீங்க சொன்னா வீட்டை விக்கலை. அடுத்த வாரமே வந்து நாலு பக்கமும் கேமரா மாட்டிடறேன். அந்த ஹெல்மெட்காரன் மூஞ்சியையும் பாத்துடலாம். இப்ப சொல்லுங்க, அப்பா அம்மா அங்க இருக்கலாமா?"

நான் அவசரப்பட்டுப் பதில் சொல்லவில்லை. இரண்டு பக்கத்தையும் நிதானமாக எடை போட்டேன். ஒரு பக்கம், பிறந்த மண், வயதான தம்பதி, நான் கொடுத்த வாக்கு. இன்னொரு பக்கம், நாலு கேமரா.

"என் அப்பா அம்மாவா இருந்தா ஒருநாள்கூட அங்க விட்டுவைக்க மாட்டேன், தம்பி" என்றேன். இதிலும் பொய் இல்லை. என் அப்பா அம்மா காலமாகி வெகு காலம் ஆகிறது.

வீடு விலை போயிற்று. கிளம்பிய அன்று எத்திராஜ் காரில் ஏறாமல் மதிலைப் பிடித்துக்கொண்டே நின்றார். அன்னம்மாள் வந்து கையை விடுவித்து அழைத்துப் போனார். காரில் ஏறும் முன் எத்திராஜ் என்னிடம் வந்து, "நீ ஒருத்தன்தான் சார், வுடிகாலைல எழுந்து தெனம் எங்க ஊட்ட பாத்துகினு இருந்தே. பெத்த புள்ள கூட செய்ய மாட்டான்" என்றார். மனுஷன் குரல் உடைந்துவிட்டது. நானும் அழுதேன். நடிக்கவில்லை.

வாங்கியவர் கலாரசனை இல்லாதவர். செடிகளை வேரோடு பிடுங்கிவிட்டு கார் நிறுத்த சிமெண்ட் போட்டுவிட்டார். இப்போது அடுத்த தெரு பாஸ்கரன் வீடு வரைக்கும் நடக்க வேண்டியிருக்கிறது. முழங்கால் வலிக்கிறது.

போன வாரம் எத்திராஜ் சிட்னியிலிருந்து பேசினார். குரல் நைந்து கிடந்தது. பகலெல்லாம் ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கிறாராம், பேச ஆளில்லையாம், அன்னம்மாள் சாப்பாட்டைத் தொடுவதே இல்லையாம். கடைசியில், "அந்தத் திருட்டுப் பய ஆப்ட்டானா சார்?" என்று கேட்டார்.

"இன்னும் இல்லை, எத்திராஜ். ஆனா நான் விடப் போறதில்லை" என்றேன். ஒரு நல்ல மனிதரைப் பிறந்த மண்ணைவிட்டே துரத்தியவன் அவன். சொல்லும்போது எனக்கு உண்மையாகவே ரத்தம் கொதித்தது.