முப்பத்திமூணு சதவீதம்

...அதுவும் பேனாவைக் கயித்துல கட்டி வெச்சிருக்கீங்க, சரி, திருட்டு பயம். அதுக்காக இவ்ளோ குட்டையாவா கட்டுவாங்க? கவுண்டர் மேல படுத்துக்கிட்டுதான் எழுதணும் போல. இல்லக்கா, நான் சண்டை போட வரல. நாப்பது நிமிஷமா நிக்கிறேன், கால் வலிக்குது, அதான். என் டோக்கன் எம்பத்தாறு. எம்பத்தஞ்சு ரத்தம் குடுத்து முடிச்சும் போகாம, பஞ்சை அமுக்கிக்கிட்டே உங்ககிட்ட அவர் பொண்ணு கல்யாணக் கதையெல்லாம் பேசிட்டுப் போறாரு. நான் வாயத் திறந்தா மட்டும் சீக்கிரம் சொல்லுன்னு கையக் காட்டுறீங்க.

சொல்றேன். இது எங்க அம்மா ரிப்போர்ட். மூணு வாரத்துக்கு முன்னாடி இந்த லேப்லதான் ரத்தம் குடுத்தாங்க. கசங்கியிருக்குன்னு பாக்காதீங்க, வீட்ல எல்லாரும் தினம் ஒரு தடவை பிரிச்சுப் படிச்சு, அழுது, மடிச்சு வெக்கிறாங்க. முதல்ல ஒண்ணு கேக்கணும். 'ரிஸ்க் அதிகம்'னு எதுக்கு சிவப்புல அடிக்கிறீங்க? கறுப்புல அடிச்சா எங்களுக்குப் புரியாதா?

எங்க அம்மா ஸ்கூல் வேன் ஓட்டுறாங்க. ஆறு மாசமா சீட்டைத்தான் திட்டிட்டு இருந்தாங்க. பெல்ட் வயித்தை அழுத்துதாம், ஸ்டியரிங் இடிக்குதாம். மெக்கானிக்கைக் கூப்பிட்டு ரெண்டு தடவை சீட்டைப் பின்னாடி தள்ளினாங்க. மூணாவது தடவை அந்த மனுசனே சொல்லிட்டாரு, அக்கா, சீட் நல்லாத்தான் இருக்கு, நீங்க போய் டாக்டரைப் பாருங்கன்னு. ரெண்டு வாய் சாப்பிட்டா போதும்னு தட்டைத் தள்ளுவாங்க, நாங்க டயட்டுன்னு கிண்டல் பண்ணிட்டு இருந்தோம். எங்க வீட்ல நாலு பேர் இருக்கோம், கண்டுபிடிச்சது மெக்கானிக்.

ஸ்கேன்ல சினைப்பைல ஒரு கட்டி. ஆரஞ்சுப்பழம் சைசு. நல்லதா கெட்டதான்னு ஸ்கேன மட்டும் வெச்சு சொல்ல முடியாதாம், ரத்தத்துல ரெண்டு சாமான் பாக்கணுமாம். ஒண்ணு சிஏ நூத்தியிருவத்தஞ்சு, இன்னொண்ணு எச்ஈ நாலு. பஸ் நம்பர் மாதிரி இருக்குல்ல? முதல்ல சொன்னது முப்பத்தஞ்சுக்குள்ள இருக்கணும், அம்மாவுக்குத் தொண்ணூத்தஞ்சு. ரெண்டையும் சேத்து உங்க கம்ப்யூட்டர் ஒரு கணக்கு போட்டு, முப்பத்திமூணு சதவீதம், ரிஸ்க் அதிகம், கேன்சர் ஆஸ்பத்திரிக்குப் போங்கன்னு சிவப்புல அடிச்சிருச்சு.

இருங்கக்கா, விஷயத்துக்குத்தான் வந்துட்டு இருக்கேன். பின்னாடி யாரும் இல்ல, நான்தான் கடைசி. நீங்களே பாருங்க.

அந்தப் பேப்பர் வந்த அன்னிலேருந்து எங்க வீடு வீடா இல்ல. சித்தி பெரிய சூட்கேஸோட வந்து இறங்கிட்டாங்க. என் ரூம் போச்சு. சித்தி எதைப் பாத்தாலும் அழுவாங்க, அம்மா செருப்பைப் பாத்துக்கூட அழுதாங்க. சாப்பிட்ட தட்டைக்கூட எடுத்து வெக்காத எங்க அப்பா, தினம் காலைல அஞ்சு மணிக்கு எழுந்து வேனைக் கழுவுறாரு. மழை பெஞ்ச அன்னிக்கும் கழுவினாரு. அம்மா மட்டும் அழல. அதுதான் எரிச்சல். சமையக்கட்டுல எல்லா டப்பாலயும் பேர் எழுதி ஒட்டிட்டாங்க. உப்பு டப்பால 'உப்பு'ன்னு. உப்பு எனக்குத் தெரியாதா? எதுக்கும்மா இதெல்லாம்னு கேட்டா, இருக்கட்டும்டி, நான் இல்லாத நேரத்துல தேடக்கூடாதுல்லன்னு சொல்றாங்க. அன்னிக்கு நான் சோத்துல உப்பே போட்டுக்கல. அந்த டப்பாவத் தொடப் பிடிக்கல.

தம்பி என்ன பண்றான்னு கேக்க மாட்டீங்களே. அவன் எப்பவும் போல தூங்குறான்.

சரி, இப்ப நான் எதுக்கு வந்தேன்னா. நேத்து அம்மா என்னைக் கடைக்கு அனுப்பினாங்க. சோப்பு, பல்லு விளக்குற பேஸ்ட், நாப்கின் ஒரு பாக்கெட். பெருசு வாங்குடி, எனக்கும் சேத்துன்னாங்க. வாங்கிட்டேன். கடைக்காரர் பேப்பர்ல சுத்திக் குடுத்தாரு. பாதி ரோட்ல வரும்போது அப்படியே நின்னுட்டேன். பின்னாடி வந்த சைக்கிள்காரர் பெல் அடிச்சு, கூடவே ரெண்டு வார்த்தையும் சொல்லிட்டுப் போனாரு. எனக்கும் சேத்து. எனக்கும்.

அக்கா, இந்த ரிப்போர்ட்ல மூணாவது வரியப் படிங்க. வயசு நாப்பத்தேழு. மாதவிடாய் நின்றுவிட்டதா: ஆம். எங்க நின்னுச்சு? மாசா மாசம் வந்துட்டுதான் இருக்கு. வந்தா அந்த ரெண்டு நாள் அம்மா வீட்ல யாரையும் பேச விடமாட்டாங்க, அது எதுக்குன்னு நேத்துதான் எனக்கு உறைச்சுது.

ராத்திரி முழுக்க ஃபோன்ல படிச்சேன். நின்னவங்களுக்கு அந்தக் கணக்கே வேற, நிக்காதவங்களுக்கு வேறயாம். அதே ரத்தம், அதே ரெண்டு நம்பர், ஆனா விடை மாறுமாம். நிக்காதவங்களுக்கு கேன்சர் இல்லாத சாதாரணக் கட்டிலயும் சிஏ ஏறுமாம், மாதவிடாய் வர்ற நாள்லயும் ஏறுமாம். அப்ப இவ்ளோ பெரிய லேப்ல, இவ்ளோ மெஷின் வெச்சிருக்கீங்க, ஒரு பொம்பளைக்கு நின்னுச்சா நிக்கலையான்னு சரியா கேட்டு எழுத ஒரு ஆள் இல்லையா?

என்ன அது? ஃபாரமா? எங்கேருந்து எடுத்தீங்க? மூணு வாரம் கழிச்சும் வெச்சிருக்கீங்களா?

ம்.

ஆமா. என் கையெழுத்துதான்.

சொல்லிடுறேன். எங்க வீட்ல எல்லா ஃபாரமும் நான்தான் எழுதுவேன். பேங்க்கு, கேஸு, தம்பி ஸ்கூலு. அன்னிக்கு இங்க செம கூட்டம். அம்மா அந்த மூலைல உக்காந்திருந்தாங்க, நடுவுல பூரா ஆம்பளைங்க. இந்தக் கேள்வி வந்துச்சு. இங்கேருந்து கத்தியா கேக்க முடியும், அம்மா, உனக்கு நின்னுருச்சான்னு? நாலு எட்டு நடந்து போய்க் கேட்டிருக்கலாம். கியூ போயிடும்னு போகல. நாப்பத்தேழுன்னா நின்னிருக்கும்னு நானே ஒரு டிக்கைப் போட்டுட்டேன்.

இன்னொண்ணும் இருக்கு. எங்க டாக்டரும் அம்மாகிட்ட இதையே கேட்டாரு. அம்மா வாயெடுக்கறதுக்குள்ள, 'எல்லாம் ஃபாரத்துல இருக்கு சார்'னு நான் சொல்லிட்டேன். வெளில ஆட்டோ வெயிட்டிங்.

நாளன்னிக்குக் கேன்சர் ஆஸ்பத்திரில பெரிய டாக்டரைப் பாக்கணும். இந்தப் பேப்பரைப் பாத்து அவர் வயித்தைப் பெருசாக் கிழிச்சு எல்லாத்தையும் எடுக்கணும்னு சொன்னா? என்னை நீங்க எப்படி வேணா திட்டுங்க, பேப்பரை மட்டும் மாத்திக் குடுங்க.

அம்மா வாயால சொல்லணுமா? இப்பவேவா? இருங்க, நான் முதல்ல வீட்டுக்குப் போய் மெதுவா... ஐயோ, டயல் பண்ணிட்டீங்களா? இந்நேரம் ஸ்கூல் வாசல்ல வண்டிய நிறுத்திட்டுதான் இருப்பாங்க. எடுத்துட்டாங்களா? என்ன சொல்றாங்க? கடைசித் தேதி சரியா சொல்றாங்களா? சொல்லுவாங்க, நல்ல ஞாபகம். நான் இங்க இருக்கேன்னு சொல்லாதீங்க. சரி, சொல்லிட்டீங்க.

லைன்லயே வெச்சிட்டு உள்ள போறீங்களா? உங்க லேப் டாக்டரம்மாகிட்டயா? நான் ரிசீவரைத் தொட மாட்டேன், நீங்க போங்க.

...

வந்துட்டீங்களா. ஏன்கா இவ்ளோ நேரம்? முகத்தைப் பாத்து ஒண்ணும் தெரியல, எப்பவும் இதே முகம்தானா உங்களுக்கு?

எட்டா?

முப்பத்திமூணு, எட்டா ஆயிருச்சா? ரிஸ்க் கம்மின்னே போட்டிருக்கா? எங்க, காட்டுங்க. கறுப்புல அடிச்சிருக்கு.

புரியுதுக்கா. எட்டுன்னா ஒண்ணுமே இல்லன்னு அர்த்தம் இல்ல. கட்டிய எடுத்து சோதிச்சுப் பாத்தாதான் முடிவு தெரியும். புதுப் பேப்பர், பழைய பேப்பர், ஸ்கேன், மூணையும் பெரிய டாக்டர்கிட்ட காட்டி, நடந்ததை மறைக்காம சொல்லணும். சொல்றேன். அம்மாவையே பேச விடுறேன். என் வாயத் தெச்சுக்கிறேன், போதுமா?

யாருக்கு, எனக்கா? வேணாம்கா. கிளம்பிட்டேன்னு சொல்லுங்க. நான் பேசுறது அங்க கேக்குதாமா? குடுங்க.

ஹலோ. ஆமாம்மா. எட்டு. எட்டுதான், எம்பது இல்ல. ஆபரேஷன் இருக்கு, ஆனா கணக்கு மாறிடுச்சு. லேப்ல தப்பா... இந்தக்கா முறைக்கிறாங்க. லேப்ல இல்லம்மா. நான்தான். நான்தான் டிக் போட்டேன். ஆமா, நாப்பத்தேழுன்னா கிழவின்னு நினைச்சுட்டேன். திட்டு. திட்டேன், ஏன் சும்மா இருக்க?

அம்மா?

அழுறியா? மூணு வாரமா அழாம இருந்துட்டு இப்பவா? சரி, அழு. நான் வெச்சிட மாட்டேன், இங்கயே நிக்கிறேன், கியூல யாரும் இல்ல. நல்லா அழுதுடும்மா. பெல் அடிக்க இன்னும் பத்து நிமிஷம் இருக்கு, பிள்ளைங்க வந்து வண்டில ஏறுறதுக்குள்ள மூக்கைத் தொடச்சிக்கோ.